எந்தப் புத்தகத்தில் எழுதினார்கள் என்று பாருங்கள்

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் சின்னத் தங்குமிடம் ஒன்றும் புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வள்ளம் இரண்டும் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கரையில் இழுத்துவைத்த வள்ளத்திலிருந்து எஞ்சினை இரவோடிரவாகக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பொலிஸில் என்ட்ரி போட்டு ஐந்து கிழமையாகிறது. முதல் நாள் காக்கிச் சட்டைக்காரர் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார்கள். பத்து நாள் கழித்து விசேட அதிரடிப்படை வாகனம் ஒன்று வந்து நின்று, இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனது. கடற்படைக்காரரைக் கேட்டால் பொலிஸைக் கேள் என்கிறார்கள். பொலிஸைக் கேட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். அலுத்துப்போய் நான்கு கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். இலங்கைப் பொலிஸ் எப்படி அமைந்திருக்கிறது? யாருக்கு மேல் யார்? அவர்களிடம் என்னென்ன ஆயுதமும் கருவியும் இருக்கின்றன? கிழக்கு மாகாணத்துக்குத் தனிப் பொலிஸ் சட்டத்தில் இருக்கிறதாமே, அது எங்கே?

கேட்டது நான்கு என்றாலும் உள்ளே கிடப்பது ஒன்றுதான். இத்தனை உடுப்புகளில் என் எஞ்சினுக்குப் பொறுப்பு எந்த உடுப்பு? அதைச் சொல்வதற்காகத்தான் மற்றதெல்லாம்.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பொலிஸில் ஒருநாளும் இருந்ததில்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக, பழைய பேச்சில் சொன்னால் கோட்டு முதலியாராக, இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன். அதில் பெரும்பகுதி திருகோணமலையில். பொலிஸார் சிங்களத்தில் எழுதிக்கொண்டு வருவதைத் தமிழில் சொல்வதும், கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்தில் சொல்வதும்தான் தொழில். ஆகவே பொலிஸை நான் பார்த்தது அதன் காகிதத்தின் வழியாக. உடுப்புப் போட்டவர்களுக்கு உள்வீட்டு விஷயம் என்னைவிட அதிகம் தெரியும். சட்டத்தில் இருப்பதைச் சட்டம் என்றும், நான் கண்டு பழகியதை வழக்கம் என்றும் பிரித்தே சொல்கிறேன். வழக்கம் நிலையத்துக்கு நிலையம், அதிகாரிக்கு அதிகாரி மாறும். சட்டம் மாறாது.

நிச்சயமான விஷயத்திலிருந்து தொடங்கலாம். இந்த நாட்டில் இருப்பது ஒரே பொலிஸ். இந்தியாவைப் போல மாநிலத்துக்கு ஒன்று இல்லை. அடிப்படைச் சட்டம் 1865 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். திருத்தங்களோடு இன்றைக்கும் அதுதான் நடப்பில் இருக்கிறது. அடுத்த வருடம், 1866 செப்டெம்பர் 3 ஆம் திகதி, ஜி. டபிள்யூ. ஆர். காம்பெல் என்ற வெள்ளைக்காரர் பொலிஸின் தலைவராகப் பொறுப்பேற்றார். அந்தத் திகதியைத்தான் இப்போதும் பொலிஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். முதல் இலங்கையர் ஒருவர், சேர் ரிச்சர்ட் அலுவிஹாரே, பொலிஸ் மா அதிபராக வந்தது 1947 இல். நெடுங்காலம் பாதுகாப்பு அமைச்சின் கீழே இருந்த திணைக்களம், 2013 இல் சட்டம் ஒழுங்கு அமைச்சு என்று ஒன்று உண்டானபோது அதிலிருந்து பிரிந்தது. இப்போது பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் கீழே இருக்கிறது. ஆளணி எழுபதினாயிரத்துக்கு மேல், நிலையங்கள் அறுநூறுக்கு மேல். நிலாவெளி நிலையத்தில் நிற்கும் கான்ஸ்டபிளுக்கும் காலியில் நிற்பவருக்கும் சம்பளத் தலைப்பு ஒன்று, சட்டப் புத்தகம் ஒன்று, இடமாற்றக் கடிதம் வரும் திசையும் ஒன்று: கொழும்பு.

அந்த ஒற்றைப் பொலிஸை நிலப்படி பிரித்திருக்கிறார்கள். மேலிருந்து கீழே வந்தால் பொலிஸ் மா அதிபர், மாகாணத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மா அதிபர், அவருக்குக் கீழே பிரதிப் பொலிஸ் மா அதிபர், பிரிவுக்கு ஒரு சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அத்தியட்சகர், சில நிலையங்களைச் சேர்த்துப் பார்க்க ஓர் உதவி அத்தியட்சகர், நிலையத்துக்கு ஒரு பொறுப்பதிகாரி. வாயில் வரும் பெயர்கள் வேறு: பிரதிப் பொலிஸ் மா அதிபர் டி.ஐ.ஜி, சிரேஷ்ட அத்தியட்சகர் எஸ்.எஸ்.பி, உதவி அத்தியட்சகர் ஏ.எஸ்.பி, பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. பெரிய நகர நிலையங்களில் ஓ.ஐ.சியின் கதிரையில் தலைமையகப் பரிசோதகர் இருப்பார், எச்.கியூ.ஐ என்பார்கள். நகரத் தலைமையகப் பொலிஸில் நீங்கள் காண்பது அவரைத்தான்.

இங்கே தமிழ் ஒரு குழப்பத்தைச் செய்து வைத்திருக்கிறது. என் தொழிலில் எனக்குத் தினமும் தலையிடி தந்த சொல் 'பிரிவு'. பத்திரிகையில் 'உப்புவெளிப் பொலிஸ் பிரிவு' என்றால் ஒரு நிலையத்தின் எல்லை. 'திருகோணமலைப் பொலிஸ் பிரிவு' என்றால் பல நிலையங்களைக் கொண்ட எஸ்.எஸ்.பியின் ஆளுகை. 'போதைப்பொருள் தடுப்புப் பிரிவு' என்றால் நாடு முழுக்க வேலை செய்யும் தனி அலகு. சிங்களத்தில் இதில் தகராறில்லை. நிலைய எல்லை 'வசம', எஸ்.எஸ்.பியின் ஆளுகை 'கொட்டாசய', தனி அலகு 'ஏககய'. மூன்றையும் நாங்கள் பிரிவு என்றே சொல்லிப் பழகியதால், 'உங்கள் பிரிவு எது' என்று பொலிஸ்காரர் கேட்கும்போது சனம் கிராம சேவகர் பிரிவைச் சொல்லிவிட்டு முழிக்கும். பிரதேச செயலக எல்லையும் பொலிஸ் எல்லையும் ஒன்றல்ல. பட்டினமும் சூழலும் என்ற ஒரே பிரதேச செயலகப் பிரிவுக்குள் தலைமையகப் பொலிஸ், துறைமுகப் பொலிஸ், உப்புவெளி, சீனக்குடா என்று பல நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் நிலாவெளியோ குச்சவெளிப் பிரதேச செயலகத்துக்குள் வரும், ஆனால் பொலிஸ் நிலையம் அதற்குத் தனி. சம்பவம் நடந்த மண் எந்த வசமவோ அந்த நிலையம்தான் விசாரிக்கும். வள்ளம் நின்ற கரைதான் கணக்கு. உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை.

பதவிகளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. உள்ளே போக மூன்று வாசல் உண்டு: கான்ஸ்டபிள், உப பரிசோதகர், உதவி அத்தியட்சகர். கான்ஸ்டபிளாகப் போனவர் சார்ஜன்டாகி, சார்ஜன்ட் மேஜராகி ஓய்வுபெறுவது வழமை. பரிசோதகர் வாசலால் போனவர் பரிசோதகர், பிரதான பரிசோதகர் என்று ஏறி ஓ.ஐ.சியாவார். பட்டத்தோடும் போட்டிப் பரீட்சையோடும் ஏ.எஸ்.பியாகப் போகிறவர் நேரே மேல்மாடியில் ஏறுகிறார். பெண்கள் 1952 இல் சேர்க்கப்பட்டார்கள். முதல் பெண் டி.ஐ.ஜி வர 2020 ஆகிவிட்டது. சிங்கள ஊர்களில் கான்ஸ்டபிளையும் சார்ஜன்டையும் 'ராலஹாமி' என்று கூப்பிடுவார்கள், பரிசோதகரை 'மாத்தையா' என்பார்கள். எங்கள் ஊரில் எல்லாருமே சேர். அதனால் யார் முடிவெடுக்கிறவர், யார் எழுதுகிறவர் என்று எங்களுக்கு விளங்குவதில்லை. தோளில் இலக்கம் இருந்தால் அவர் எழுதுகிறவர். நட்சத்திரம் இருந்தால் கையெழுத்து வைக்கிறவர். அந்த அளவு தெரிந்தால் போதும்.

நிலப்படி பிரித்ததற்குக் குறுக்கே வேலைப்படியும் பிரித்திருக்கிறார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம், அதாவது சி.ஐ.டி, கொழும்பிலிருந்து நாடு முழுக்கப் பார்க்கும். பயங்கரவாதம், போதைப்பொருள், நிதிக் குற்றம், சிறுவரும் பெண்களும், போக்குவரத்து என்று தனித்தனி அலகுகள் உண்டு. நாய்ப் பிரிவின் தலைமையிடம் கண்டி அஸ்கிரியவில். தடயம் எடுக்கிறவர்களை 'சோகோ' என்பார்கள். விரல் அடையாளம், படம் எல்லாம் அவர்கள் வேலை. இவற்றில் அதிகம் பேசப்படுவது விசேட அதிரடிப்படை. 1983 ஐ ஒட்டி உருவானது. பயிற்சி முகாம் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில். உடுப்பைப் பார்த்து இராணுவம் என்று நினைக்கிறவர்கள் அதிகம், ஆனால் அவர்கள் பொலிஸ்காரர். அதே 1865 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழே வேலை செய்கிறவர்கள். ஆனாலும் வழக்குத் தாக்கல் செய்யும் வேலையை அவர்கள் செய்வதில்லை. பிடித்த ஆளையும் பொருளையும் பக்கத்து நிலையத்தில் ஒப்படைப்பார்கள், மிச்சத்தை நிலையம் பார்க்கும். உங்களிடம் வந்த வாகனம் பெரும்பாலும் ரோந்தில் வந்ததாகவே இருக்கும். அவர்கள் கேட்ட இரண்டு கேள்வியும் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது.

அதிரடிப்படையைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் எங்கள் ஊரார் மன்னிக்கமாட்டார்கள். 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் கைதான அதிரடிப்படையினர் சாட்சியம் போதாதென்று 2019 இல் விடுவிக்கப்பட்டார்கள். இது பதிவில் உள்ள விஷயம். அமைப்பு வரைபடத்தில் அது இன்னொரு பெட்டியாக இருக்கலாம், ஆனால் எங்கள் கடற்கரையில் அந்த உடுப்பைக் கண்டு ஒரு தாய் பிள்ளையை உள்ளே கூப்பிட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

கடற்படை பொலிஸ் அல்ல. அதன் கிழக்குக் கட்டளை இங்கே டொக்யாட்டில் இருப்பதால், எங்கள் கரையில் எல்லாம் அவர்கள் கையில் என்று ஒரு தோற்றம் உண்டு. டைனமைட் போட்டு மீன்பிடிக்கிறவனையும் தடைசெய்த வலை வைத்திருப்பவனையும் கடலில் பிடிப்பார்கள், பிடித்ததைக் கடற்றொழில் திணைக்களத்திடமோ பொலிஸிடமோ கொடுப்பார்கள். கரையில் நடந்த களவுக்கு அவர்களிடம் புத்தகமே இல்லை. கரையோரக் காவல் திணைக்களமும் 2009 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வேறொரு திணைக்களம். கந்தளாய், மொறவெவப் பக்கம் காணும் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தார், பழைய ஊர்காவல் படையினர், அவர்களும் பொலிஸ் அல்ல. ஆகவே உங்களிடம் வந்த, வராத எல்லா உடுப்பிலும் காக்கிதான் உங்கள் உடுப்பு.

இனி ஆயுதம். இதைச் சரியாக விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். என் தகப்பனார் காலத்தில் ரோந்துக்கு வரும் பொலிஸ்காரரிடம் இருந்தது பொல்லும் விசிலும். நிலையத்துக்குள் பூட்டிய அலுமாரியில் பழைய 303 ரைபிள்களும் வேட்டைத் துப்பாக்கிகளும் இருக்கும். விசேஷம் வந்தால் திறப்பார்கள். 1971 ஏப்ரலில் தெற்கில் ஜே.வி.பி. இளைஞர்கள் ஒரே இரவில் பல நிலையங்களைத் தாக்கியபோதுதான் அந்த அலுமாரி எவ்வளவு வெறுமை என்று கொழும்புக்குத் தெரிந்தது. எண்பதுகளில் வடகிழக்கில் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்கப்பட்டன. 1990 ஜூனில் கிழக்கில் பல நிலையங்களைப் புலிகள் சுற்றிவளைத்தார்கள். சரணடைந்த பொலிஸார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையம் என்றால் மண்மூட்டை, பதுங்குகுழி, காவற்கோபுரம். முறைப்பாடு கொடுக்கப் போகிறவன் துப்பாக்கி வாயைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். இப்போது மண்மூட்டை போய்விட்டது. சில இடங்களில் கோபுரத்தின் தூண் மட்டும் நிற்கிறது, கொடி கட்ட உதவுகிறது.

அந்தக் காலம் விட்டுச்சென்ற ஆயுதம் டி-56. சீனத் தயாரிப்பு, கலாஷ்னிகோவின் தம்பி. 7.62 மில்லிமீற்றர் ரவை, மகசினில் 30, வெறுமையாகவே ஏறக்குறைய நான்கு கிலோ. சான்றுப்பொருளாக அது மேசையில் வைக்கப்படும்போது எழும் சத்தத்தை வைத்தே அதன் பாரத்தைச் சொல்லிவிடலாம். நூறு யார் தூரத்துக்கு அப்பால் நிற்கிற எதிரியைச் சுடச் செய்த சாமான் அது. சந்தையடிச் சந்தியில் ஹெல்மெட் போடாத பொடியனை மறிக்கிற இடத்தில் அதற்கு வேலையில்லை என்பது என் அபிப்பிராயம். பொலிஸிலும் அப்படி நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகாரிகளிடம் கைத்துப்பாக்கி இருக்கும். அதிரடிப்படையிடம் எம்-16 போன்ற மேற்கத்திய ரைபிள்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. கூட்டம் கலைக்கக் கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பாய்ச்சும் வண்டியும். ஆயுதம் எதுவானாலும் ஒன்று நிச்சயம்: களஞ்சியத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு துப்பாக்கியும் அதன் இலக்கத்தோடும் ரவைக் கணக்கோடும் பதிவேட்டில் ஏறி, கையெழுத்து வாங்கித்தான் போகும். திரும்பி வரும்போதும் அப்படியே. வழக்குகளில் அந்தப் பதிவேட்டை நான் பலதடவை வாசித்திருக்கிறேன். துப்பாக்கிக்கு இருக்கும் இந்தக் கவனம் முறைப்பாட்டுக்கும் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதெல்லாம் நினைப்பேன்.

ஆயுதத்தை விட்டால் மிஞ்சுவது கைவிலங்கு, குறிப்புப் புத்தகம், வோக்கி, குடித்தவனை ஊதச் சொல்லும் பலூன், வேகம் அளக்கும் கருவி. வாகனம் எப்போதும் தட்டுப்பாடு. 2022 இல் நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம், பொலிஸ் ஜீப்பும் வரிசையில்தான் நின்றது. அந்த வருட டிசெம்பரில் இந்தியக் கடனுதவியில் 125 ஜீப்கள் கொழும்பில் கையளிக்கப்பட்டன. நாடு முழுக்கப் பிரித்தால் ஐந்து நிலையத்துக்கு ஒன்று. 'ஜீப் இல்லை, ஓட்டோ பிடித்து வாங்கோ' என்று உங்களுக்கு யாராவது சொன்னால் அது எப்போதும் சாட்டு அல்ல. சில நேரம் உண்மை.

மாகாணப் பொலிஸ் விஷயம். நீங்கள் கேள்விப்பட்டது சரி, சட்டத்தில் இருக்கிறது. 1987 நவம்பரில் நிறைவேறிய, அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணையில், மாகாணப் பட்டியலோடு சேர்த்து, பொலிஸுக்கென்றே ஒரு பின்னிணைப்பு உண்டு. அதன்படி இலங்கைப் பொலிஸ் என்பது ஒரு தேசியப் பிரிவும் மாகாணத்துக்கு ஒரு மாகாணப் பிரிவுமாக இருக்க வேண்டும். எல்லாருக்கும் மேல் பொலிஸ் மா அதிபர். மாகாண டி.ஐ.ஜியை அவர் முதலமைச்சரின் இணக்கத்தோடு நியமிக்க வேண்டும். அரசுக்கு எதிரான குற்றம், தேர்தல் குற்றம், நாணயக் குற்றம் போன்றவை தேசியப் பிரிவுக்கு. வீட்டுக் களவு, அடிதடி, தெருச் சண்டை எல்லாம் மாகாணப் பிரிவுக்கு. எனக்குப் பிடித்த வரி ஒன்று அதில் இருக்கிறது: தேசியப் பிரிவினர் சாதாரணமாகச் சிவில் உடையில்தான் இருக்க வேண்டுமாம், பொது ஒழுங்கைக் காக்கும் வேலை வந்தால் மட்டும் சீருடை போடலாமாம். உங்கள் ஆயுதக் கேள்விக்கும் அங்கே விடை உண்டு: மாகாணப் பிரிவுக்கு என்ன துப்பாக்கி, எத்தனை, எவ்வளவு ரவை என்பதை மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவோடு கலந்துபேசித் தேசிய ஆணைக்குழுதான் தீர்மானிக்கும், எல்லா மாகாணத்துக்கும் ஒரே அளவுகோலில். இரகசியமாகப் படை கட்டிவிடுவார்கள் என்று பயந்தவர்கள் இந்த வரியை வாசித்திருக்கமாட்டார்கள்.

ஆனால் எழுதியதோடு சரி. 1988 இல் இணைந்த வடகிழக்கு மாகாண சபை எங்கள் திருகோணமலையில் உட்கார்ந்து ஒன்றரை வருடம்கூட ஓடவில்லை. 2006 இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்றது. 2007 தொடக்கம் கிழக்கு தனி மாகாணம். 2008 இல் சபை வந்தது, முதலமைச்சர்கள் வந்தார்கள், பொலிஸ் அதிகாரம் வரவில்லை. இங்கு மட்டுமல்ல, ஒன்பது மாகாணத்தில் எதற்கும் எந்த அரசாங்கமும் அதைக் கொடுக்கவில்லை. கிழக்குச் சபை 2017 செப்டெம்பரில் காலம் முடிந்து கலைந்தது. முதலமைச்சர் இல்லாத மாகாணத்தில் யாருடைய இணக்கத்தோடு யாரை நியமிப்பது? ஆகவே மாகாணப் பொலிஸ் எங்கே என்ற கேள்விக்குப் பதில், அரசியலமைப்பில் இருக்கிறது, அங்கேயே இருக்கிறது.

தேசிய பொலிஸ் ஆணைக்குழு வேறு. அது 2001 இன் பதினேழாம் திருத்தத்தோடு வந்தது, பிறகு ஒவ்வொரு திருத்தத்திலும் அதிகாரம் தேய்ந்தும் வளர்ந்தும் இப்போது 2022 இன் இருபத்தோராம் திருத்தத்தின் கீழே இருக்கிறது. பொலிஸ் மா அதிபரைத் தவிர்ந்த மற்றவர்களின் நியமனம், பதவியுயர்வு, ஒழுக்காற்று நடவடிக்கை அதன் கையில். பொலிஸுக்கு எதிரான பொதுமக்கள் முறைப்பாட்டையும் அது ஏற்கும். பொலிஸ் மா அதிபரை நியமிப்பது ஜனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு. அவரை நீக்கத் தனிச் சட்டம் உண்டு. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் வாக்கெடுத்து ஒருவரை நீக்கியும் காட்டியது.

சரி, உங்கள் எஞ்சினுக்கு வருவோம். பொலிஸ் நிலையத்துக்குள் போனதும் முன்னால் ஒரு மேசை, பெரிய கட்டுப் புத்தகங்கள், பேனையோடு ஒருவர். அந்த இடத்துக்குப் பெயர் ரிசர்வ். அங்கே இருப்பது ஒரு புத்தகம் அல்ல. சாதாரண தகவல்களுக்கு ஒன்று, குற்றங்களுக்கு ஒன்று, சில்லறைக் குற்றங்களுக்கு ஒன்று. ஆங்கில எழுத்தில் சுருக்கமாக ஆர்.ஐ.பி, சி.ஐ.பி, எம்.ஓ.ஐ.பி என்பார்கள். அடையாள அட்டை தொலைந்தால் முதலாவதில் எழுதுவார்கள். களவு என்றால் இரண்டாவதில் ஏறவேண்டும். இரண்டாவதில் ஏறினால் குற்றப் பிரிவுக்குப் போகும், விசாரிக்க ஓர் ஆள் நியமிக்கப்படுவார், நீதவானுக்கு அறிக்கை போக வழி உண்டாகும், மாதக் கணக்கில் ஏ.எஸ்.பியின் மேசையில் தலைகாட்டும். முதலாவதில் ஏறினால் அது ஒரு தகவல், அவ்வளவுதான்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். வயதான ஆச்சி ஒருவரின் இரண்டு பசுக்கள் பட்டியிலிருந்து போய்விட்டன. ஓடிப்போய்ப் பொலிஸில் சொன்னா. சில மாதம் கழித்து அந்த மாடுகள் வேறோர் ஊரில் ஒருவரிடம் பிடிபட்டு, வழக்கு வந்தது. எதிரியின் சட்டத்தரணி எழும்பி, ஆச்சியின் முதல் முறைப்பாட்டை வாசிக்கச் சொன்னார். சிங்களத்தில் எழுதியிருந்தது, கீழே ஆச்சியின் பெருவிரல் அடையாளம். வாசித்தேன். 'மாடுகள் நெதிவுணா', தொலைந்துவிட்டன, என்று இருந்தது. 'களவு போனதென்று நீங்கள் அன்றைக்குச் சொல்லவே இல்லையே' என்றார் சட்டத்தரணி. நான் தமிழில் கேட்டேன். ஆச்சி என்னையே குற்றவாளி போலப் பார்த்து, 'நான் மாட்டைக் காணேல்ல, கொண்டு போட்டாங்கள் எண்டுதானே சொன்னனான்' என்றா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எழுதிய கான்ஸ்டபிள் கொஞ்சம் தமிழ் படித்தவர். 'காணேல்ல' அவருக்குப் பிடிபட்டது. 'கொண்டு போட்டாங்கள்' பிடிபடவில்லை. வஞ்சகம் ஒன்றுமில்லை. அந்த ஒரு சொல்லால் அது களவுப் புத்தகத்துக்குப் போகவே இல்லை, தேடவும் யாரும் போகவில்லை.

சட்டம் இதற்கு இடம் வைத்திருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109 ஆம் பிரிவு, முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும் என்கிறது. எழுதுகிறவருக்கு அந்த மொழி முடியாவிட்டால் உங்களை எழுதித் தரும்படி கேட்க வேண்டும். எப்படி எழுதினாலும் வாசித்துக் காட்ட வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. கல்லடியில் பொலிஸ் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது, தமிழ் பேசும் உத்தியோகத்தர்கள் முன்னைவிட அதிகம் என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் போகும் அந்த நேரத்தில் ரிசர்வில் யார் இருப்பார் என்பது அதிர்ஷ்டம். ஆயுதக் களஞ்சியத்தில் ஆயிரம் டி-56 இருந்தாலும், இரவு பதினொரு மணிக்குத் தமிழில் எழுதக்கூடிய ஒரு கை இல்லாவிட்டால் அந்த நிலையம் எனக்கு ஆயுதமில்லாத நிலையம்தான்.

ஆகவே, தம்பி, முதலில் என்ட்ரி போட்டபோது தந்த துண்டை எடுங்கள். அதில் பக்கமும் பந்தியுமாக ஓர் இலக்கம் இருக்கும், அதற்கு முன்னால் எழுத்துகள். எழுத்துகள் நிலையத்துக்கு நிலையம் கொஞ்சம் மாறலாம், ஆனால் 'ஆர்' என்று தொடங்கினால் உங்கள் எஞ்சின் தொலைந்த சாமான் கணக்கில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துண்டே தரவில்லையென்றால் போய்ப் புத்தகத்தைப் பார்த்து இலக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பிறகு வீட்டிலிருந்தே தமிழில் ஒரு முறைப்பாடு எழுதி, இரண்டு பிரதி எடுத்து, எஞ்சின் 'களவாடப்பட்டது' என்ற சொல்லைத் தெளிவாகப் போட்டு, மேலதிக வாக்குமூலமாகப் பதியும்படி ஓ.ஐ.சியிடம் கொடுங்கள். ஒரு பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அவர் ஏற்காவிட்டால் சண்டை பிடிக்க வேண்டாம். அதே பிரதியை ஏ.எஸ்.பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். என் அனுபவத்தில் எஸ்.எஸ்.பி, டி.ஐ.ஜி என்று மேலே பாய்கிற கடிதம் இறங்கி வரக் காலம் எடுக்கும், ஏ.எஸ்.பியின் கடிதம் அடுத்த கிழமையே நிலையத்துக்கு வந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழு, இங்கே நகரில் இருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு என்றால் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். ஆனால் எஞ்சின் களவுக்கு அதுவரை போவதை எந்தச் சட்டத்தரணியும் சிபாரிசு செய்யமாட்டார்.

எஞ்சினின் தொடர் இலக்கத்தை மனப்பாடத்திலிருந்து சொல்ல வேண்டாம். வாங்கிய ரசீதைக் கொண்டுபோய் அதிலிருந்தே எழுதச் சொல்லுங்கள், எழுதிய பிறகு ஒவ்வோர் இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஓர் எட்டு மூன்றாகிவிட்டால், நாளைக்கு வேறு எங்காவது பிடிபடுகிற எஞ்சின் உங்களுடையது இல்லை என்று நீதிமன்றத்தில் யாரோ ஒரு முதலியார் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டி வரும்.